பெயிலான பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?



தமிழறிஞர்கள் பெயரில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் உண்டு. கணிதப் பேராசிரியர்கள் பெயரிலும் வள்ளல்கள் பெயரிலும் உண்டு. ஒரு பி.இ.டி. சார் பெயரில், விசில் ஊதியே வாழ்நாளைக் கழித்த ஒருவர் பெயரில், அறக்கட்டளை இருப்பதை நான் இங்கேதான் பார்க்கிறேன். பணம் போட்ட முன்னாள் மாணவர்கள் யார் என்று விசாரித்தேன். ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். ஒருவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருவர் பெயின்ட் கடை வைத்திருக்கிறார்கள். பள்ளியில் முதல் ரேங்க் எடுத்தவர் யாராவது உண்டா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடம் சாராச் செயல்பாடுகளின் பயன்கள் என்று அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. உடல்நலம், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, கூட்டுணர்வு, நேர மேலாண்மை. பி.எட். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இது போதும். முன்வரிசையில் இருக்கும் பயிற்சி மாணவிகள் இதை என்னைவிட வேகமாகச் சொல்வார்கள். எனக்கு இருப்பது வேறொரு கேள்வி. இந்தப் பயன் எந்தப் பிள்ளைக்கு அதிகம் போய்ச் சேர வேண்டும்? நாம் எந்தப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

அதற்குமுன் கடைத்தெருப் பலகைகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். அபாகஸ் படித்தால் மூளை வேகமாகும். கீபோர்டு வாசித்தால் ஞாபகசக்தி பெருகும். செஸ் ஆடினால் கணக்கு தானாக வரும். மாதக் கட்டணம், அட்மிஷன் நடைபெறுகிறது. பெற்றோர் இதை நம்புவதில் வியப்பில்லை. பள்ளிக்கு வெளியே பிள்ளை செய்கிற எந்தக் காரியத்துக்கும் பள்ளி மதிப்பெண்ணில்தான் லாபக் கணக்குப் பார்க்கிறோம். விளையாட்டுக்கும் பாட்டுக்கும் தனி மதிப்பு கிடையாது. அவை கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுபிடியாக இருந்தால்தான் அனுமதி.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1993-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். கேட்ட கையோடு, மடித்து வெட்டிய காகிதம் விரித்தால் எப்படி இருக்கும் என்பதுபோன்ற சோதனைகளில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த விளைவு தேய்ந்துவிட்டது. ஆய்வு சொன்னது இவ்வளவுதான். அதில் குழந்தை என்று ஒருவரும் இல்லை. ஆனால் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், தம் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு ஒன்று கொடுக்கப் பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். பத்து நிமிடச் சோதனை ஐந்தே வருடத்தில் தொட்டில் வரைக்கும் வந்துவிட்டது.

இதைவிடக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2004-இல் கனடாவில் வந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் க்ளென் ஷெல்லன்பர்க் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம். நான்காவது குழுவுக்கு அந்த ஆண்டு எதுவும் இல்லை. ஓராண்டு கழித்து அளந்தபோது எல்லாக் குழுக்களுக்கும் அறிவுத்திறன் எண் கூடியிருந்தது. ஆறு வயதில் பள்ளிக்குப் போனாலே அது கூடும். இசை கற்றவர்களுக்கு ஏழு புள்ளி, மற்றவர்களுக்கு நான்கு சொச்சம். இந்த மூன்று புள்ளி வித்தியாசம் உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. நாடகக் குழுவைப் பற்றி அதே கட்டுரையில் இருந்த இன்னொரு முடிவை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நாடகம் கற்ற குழந்தைகள் மற்றவர்களோடு பழகும் விதம் தெளிவாக மேம்பட்டிருந்தது. இசைக் குழுக்களில் அந்த மாற்றம் இல்லை.

பிறகு வந்த ஆய்வுகள் மூன்று புள்ளியையும் அரித்துவிட்டன. 2020-இல் சாலா, கோபே என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 7,000 குழந்தைகளைப் பற்றிய 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்காக வடிவமைத்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால், இசைப் பயிற்சியால் படிப்பிலோ அறிவுத்திறனிலோ கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. செஸ் கதையும் இதுதான். இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளில் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் வகுப்பு நேரத்திலேயே முப்பது மணி நேரம் செஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் பார்த்தால், செஸ் கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. 2016-இல் அறிக்கை வெளியானது.

உலக சாம்பியன் ஆன குகேஷ் பிறந்த மண்ணில், மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடத்திய மாநிலத்தில், செஸ்ஸைக் குறைத்துப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். செஸ் அருமையான ஆட்டம். அதை ஆட அது ஒன்றே போதுமான காரணம். கணக்கு வராத பிள்ளைக்குச் செஸ்ஸை மருந்தாகக் கொடுத்தால் கணக்கும் வராது, செஸ்ஸும் கசந்துபோகும்.

இனி அந்த நாடகக் குழுவுக்கு வருவோம். பள்ளி ஆண்டுவிழா ஒத்திகையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாலரை மணி பெல் அடித்தபிறகு ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்குவார்கள். கதாநாயகனுக்கும் அரசனுக்கும் நன்றாகப் படிக்கிற பையன்களைப் போட்டிருப்பார்கள். வசனம் மனப்பாடமாகுமே! ஆனால் வசனமே இல்லாத வாயிற்காப்போன் ஒருவன் இருப்பான். சவுக்குக் கம்பை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். எந்த வசனம் முடிந்ததும் கதவைத் திறப்பதுபோல் பாவனை செய்ய வேண்டும், எப்போது வணங்க வேண்டும், அரசன் வசனத்தை மறந்து விழித்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவன் தலையில் இருக்கும். நாடகம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருப்பவன் பெரும்பாலும் அவன்தான். அரசனுக்குத் தன் வசனம் தெரிந்தால் போதும், இவனுக்கு எல்லோருடைய வசனமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பாடத்தில் எட்டு வரி மனப்பாடப் பகுதி வராது என்று கைவிடப்பட்ட பையன் இவன். ‘எப்படிடா?’ என்று கேட்டால், ‘அது வேற சார், இது வேற சார்’ என்பான்.

அந்த ‘வேற’ என்னவென்று அமெரிக்க ஆய்வு ஒன்று ஓரளவு காட்டுகிறது. ஜோசப் மஹோனி, ராபர்ட் கெய்ர்ன்ஸ் என்ற இருவர் 392 மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். யார் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளின் வாய்மொழியை வைத்து முடிவு செய்யவில்லை. பள்ளிகள் வெளியிடும் ஆண்டு மலர்களில் குழுப் புகைப்படங்களும் பெயர்களும் இருக்கும் அல்லவா, அவற்றிலிருந்து எடுத்தார்கள். படிப்பு, நடத்தை, பழகும் விதம் ஆகியவற்றை வைத்து மாணவர்களை வகைப்படுத்தினார்கள். பிறகு, பதினொன்றாம் வகுப்பு முடிக்காமல் பள்ளியை விட்டுப் போனவர்கள் யார் என்று பார்த்தார்கள்.

நன்றாகப் படித்த, நல்ல பெயர் வாங்கிய பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் குழுவில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பள்ளியை முடித்தார்கள். படிப்பிலும் நடத்தையிலும் அடிமட்டத்தில் இருந்தவர்களிடம்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. அவர்களில் ஏதாவது ஒரு செயல்பாட்டில் சேர்ந்திருந்தவர்கள் பள்ளியை விட்டுப் போனது, சேராதவர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. குழுவில் சேர்ந்ததால் நின்றார்களா, நிற்கும் மனம் இருந்ததால் சேர்ந்தார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இது குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை, ஆகவே நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தேகம் குறைவு.

வருகைப் பதிவேட்டை நாம் நாள்வாரியாகத்தான் பார்ப்போம். இன்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, கூட்டிப்போட்டு மேலே அனுப்ப வேண்டும். ஒரு மாணவனின் வரிசையை மட்டும் இடமிருந்து வலமாகப் படித்துப் பார்ப்பவர் குறைவு. தலைமையாசிரியராக இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் வரிசையை அப்படிப் படித்தேன். திங்கட்கிழமை இல்லை. செவ்வாய் உண்டு. புதன் இல்லை. வியாழன் காலை இல்லை, மதியம் உண்டு. வெள்ளி முழுநாள் உண்டு. இதே கோலம் இரண்டு மாதத்துக்கு. டைம்டேபிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கியது. செவ்வாயும் வெள்ளியும் பேண்டு வாத்தியப் பயிற்சி. வியாழன் கடைசி பீரியட் பி.டி. அவன் பெரிய டிரம் அடிப்பவன். அவன் வராவிட்டால் மற்றவர்கள் நடைபோட முடியாது. மற்ற நாட்களில் அவன் வராததை யாரும் கவனிக்கவில்லை, பதிவேட்டைத் தவிர. எந்த இடத்தில் தான் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமோ அந்த இடத்துக்கு அவன் வந்தான்.

நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் பாடம் நிற்பதில்லை. சில ஆசிரியர்களுக்கு அது நிம்மதியாகக்கூட இருக்கும். கபடிக் குழுவில் ஏழு பேர் வேண்டும், ஆறு பேர் இருந்தால் ஒருவனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே ஆள் போவார்கள். மூன்று பாடத்தில் பெயிலாகும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது, நீ எதற்கும் லாயக்கில்லை என்று தினமும் ஆறு பீரியட் நிரூபித்துக்காட்டும் இடம். ஏழாவது பீரியட்டில் ஒருவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘எங்கடா நேத்து போன?’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்காக அவன் மறுநாளும் வருவான். பாடம் சாராச் செயல்பாடுகளின் பயன்களில் முதல் இடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். ஜூன் மாதம் வகுப்புத் தொடங்கும்போது எல்லோருக்கும் பி.டி. பீரியட் இருக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்து மார்க் வந்ததும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாராகும். பட்டியலில் உள்ளவர்களுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். மைதானம் அவர்களுக்கு அன்றோடு முடிந்தது. அரையாண்டுக்குப் பிறகு கணக்கு சார் வந்து, ‘சார், இந்த வாரம் மட்டும் உங்க பீரியடைக் குடுங்க’ என்பார். கொடுத்த பீரியட் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. பிப்ரவரியில் பந்துகளை அறைக்குள் வைத்துப் பூட்டுவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் ஜூனிலேயே பூட்டு. மாவட்டப் போட்டியில் ஓடும் பிள்ளையின் அம்மா அழுதுகொண்டு வந்து, ‘சார், நீங்களே சொல்லுங்க, இந்த வருசம் ஓட்டம் வேணாம்னு’ என்பார். எந்தப் பிள்ளையைப் பள்ளியோடு கட்டிவைக்க அந்த ஒரு கயிறுதான் மிச்சம் இருக்கிறதோ, அந்தப் பிள்ளையின் கயிற்றைத்தான் நாம் முதலில் அறுக்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் அறுக்கிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இதைச் சட்டமாகவே போட்டது. 1984-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் ‘தேர்ச்சி இல்லையேல் ஆட்டம் இல்லை’ என்ற விதி வந்தது. தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழு அதற்காக வாதாடியது. ஏதாவது ஒரு பாடத்தில் எழுபதுக்குக் கீழே எடுத்தால் ஆறு வாரத்துக்கு ஆட்டம், பாட்டு, பேண்டு எதிலும் கலந்துகொள்ள முடியாது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. டெக்சாஸில் அமெரிக்கக் கால்பந்து ஒரு மதம். நட்சத்திர ஆட்டக்காரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பள்ளி கண்டுகொள்ளாது என்ற நிலை. அந்தப் பையனை ஏமாற்றக் கூடாது என்றுதான் விதி போட்டார்கள். ஆனால் ஆறு வாரம் என்பது ஒரு பருவத்தில் பாதி. நீக்கப்பட்டவன் திரும்பி வரும்போது அவன் இடத்தில் வேறொருவன் இருப்பான். 1995-இல் ஆறு வாரத்தை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் கிடையாது. வழக்கம் மட்டும் உண்டு. சட்டத்தையாவது திருத்தலாம், வழக்கத்தை எங்கே போய்த் திருத்துவது?

நமக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்தது. மறு ஆண்டே அறிக்கை வந்துவிட்டது. பாடம் சாராச் செயல்பாடுகள் பள்ளிக் கல்வியின் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும், எல்லா ஆசிரியர்களும் அவற்றுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். எல்லா ஆசிரியர்களும் என்பதைக் கவனியுங்கள். பி.இ.டி. சார் தலையில் மட்டும் கட்டவில்லை. அதை எழுதிக்கொடுத்தவர் மகப்பேறு மருத்துவர், நம் ஊர்க்காரர். எழுபது வருடம் தாண்டிவிட்டது. மாநிலங்களவையில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் தம் கன்னிப் பேச்சில், குழந்தைகள் புத்தகப் பையைச் சுமந்து கூன் விழுந்து நடக்கிறார்கள், விளையாட நேரமில்லை என்று பேசினார். அதன்பின் யஷ்பால் குழு அமைந்து, 1993-இல் ‘சுமையில்லாக் கற்றல்’ அறிக்கையும் வந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம், விளையாட்டுப் பொருள், நூலகம் எல்லாம் வேண்டும் என்று அட்டவணை போட்டது. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றும் அதே அட்டவணை சொல்கிறது.

அதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் பலமுறை போராடியிருக்கிறார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பதும் அவர்களுடைய நெடுநாள் குறையாக இருந்தது. தையலும் ஓவியமும் கபடியும் பிள்ளையின் வாழ்க்கைக்கு எவ்வளவு முக்கியம் என்று மேடையில் பேசுகிறோம். அதைக் கற்றுக்கொடுப்பவரின் சம்பளச் சீட்டில் நம் உண்மையான அபிப்பிராயம் எழுதியிருக்கிறது.

ஆள் எதற்கு, மைதானத்தைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் தாமாக விளையாட மாட்டார்களா என்று சிலர் கேட்பார்கள். சின்ன வயதில் அது சரி. தெருவில் கோலி ஆடுவதற்குப் பயிற்சியாளர் வேண்டாம். வளரிளம் பருவத்தில் கதை மாறுகிறது. இதே மஹோனி, ஸ்வீடனில் ஹாக்கன் ஸ்டாட்டின் என்பவரோடு சேர்ந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தார். நேரம் குறித்து, பெரியவர் ஒருவர் பொறுப்பில் நடக்கும் செயல்பாடுகளில் இருந்தவர்களிடம் ஒழுங்கு மீறல் குறைவு. சும்மா போய் உட்கார்ந்து அரட்டை அடிக்க அரசே நடத்திய இளைஞர் மையங்களுக்குப் போனவர்களிடம் அது கூடுதல். கூடுகிற இடம் மட்டும் போதாது, கூடிச் செய்ய ஒரு வேலையும் வேண்டும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். தமிழில் இதற்கு ஆய்வு தேவையில்லை. சும்மா இருக்கிற கையைப் பற்றி நம் பாட்டிமார் நிறையச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐஸ்லாந்து என்ற சின்ன நாடு இந்த உண்மையைப் பொதுப்பணம் போட்டு நடத்திக்காட்டியது. மொத்த மக்கள்தொகையே நம்மூர் நடுத்தர நகரம் ஒன்றின் அளவுதான் இருக்கும். 1990-களில் ஐரோப்பாவிலேயே அதிகமாகக் குடித்தும் புகைத்தும் கெட்ட பிள்ளைகளில் அவர்கள் பிள்ளைகளும் அடக்கம். பதினைந்து பதினாறு வயதில் நூற்றுக்கு 23 பேர் தினமும் சிகரெட் பிடித்தார்கள். 2016-இல் அது 3 ஆகக் குறைந்தது. பல காரியங்களைச் சேர்த்துச் செய்தார்கள். 18 வயதுக்குக் கீழே புகையிலை விற்கக் கூடாது. குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் பிள்ளைகள் வெளியே திரியக் கூடாது. பெற்றோரை ஊர் ஊராகக் கூட்டி ஒப்பந்தம் போடவைத்தார்கள். அவற்றோடு விளையாட்டு, இசை, நடனக் குழுக்களுக்கு அரசு நிதியைக் கூட்டினார்கள். தலைநகர் ரேக்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 35,000 குரோனா மதிப்புள்ள அட்டை ஒன்று கொடுத்தார்கள். பிள்ளை எந்தக் குழுவில் சேர விரும்புகிறதோ அங்கே அந்த அட்டையைக் கட்டணமாகக் கொடுக்கலாம். மார்க் ஷீட் கேட்கவில்லை. நம் பள்ளி வாசல் பெட்டிக்கடைகளில் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ரெய்டு நடத்துகிறோம், நோட்டீஸ் ஒட்டுகிறோம். நாலரை மணிக்கு அந்தப் பையன் எங்கே போவான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நல்லதும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள். பறையும் ஒயிலும் கரகமும் வில்லுப்பாட்டும் பள்ளி மேடைக்கு அரசு உத்தரவோடு வந்தன. வீட்டில் அப்பா அடிக்கும் பறையைப் பள்ளியில் மறைத்து வளர்ந்த பிள்ளை, அதே பறையைத் தலைமையாசிரியர் முன்னால் அடித்தது சின்ன விஷயமில்லை. அதே ஆண்டு நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். அறிவியல் சோதனைப் பெட்டியோடு கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-களிலிருந்து ‘துளிர்’ இதழ் வழியாகவும், பிறகு குழந்தைகள் அறிவியல் மாநாடுகள் வழியாகவும் உழுது வைத்த நிலம் இது.

கலைத் திருவிழாவைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. அதற்குக் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பள்ளிக் கலோற்சவம் 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. மறு ஆண்டு வாய்ப்பாட்டில் முதல் பரிசு பெற்ற பையன் ஜேசுதாஸ், மிருதங்கத்தில் முதல் பரிசு பெற்ற பையன் ஜெயச்சந்திரன். பின்னாளில் பாடகர்களாகப் புகழ்பெற்ற இந்த இருவரும் சேர்ந்து கச்சேரி செய்யும் பழைய புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு பெரிய பேறு! பிறகு 1986-இல் கலாதிலகம், கலாபிரதிபா என்று தனிநபர் பட்டங்கள் வந்தன. பட்டத்துக்காகப் பெற்றோர் லட்சக்கணக்கில் செலவு செய்தார்கள். தனிப் பயிற்றுநர், வாடகை நகை, தீர்ப்பை எதிர்த்து அப்பீல், அப்பீல் தோற்றால் நீதிமன்றம். மேடை பெற்றோர்களின் போர்க்களம் ஆனது. சுமார் இருபது ஆண்டு பட்டபாட்டுக்குப் பிறகு 2006-ஐ ஒட்டி அந்தப் பட்டங்களையே நிறுத்தி, கிரேடு முறைக்கு வந்தார்கள். நாம் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்டை வீட்டுக்காரர் இருபது வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுங்கள். பள்ளி அளவிலான முதல் சுற்றில் தோற்றவனுக்கு அன்றோடு கலை முடிந்துவிட்டால், மாநில மேடையில் எவ்வளவு விளக்கு போட்டாலும் அது விதை நெல்லை எடுத்துச் சமைத்த விருந்துதான்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை இதற்கு நேர் எதிரானது. திங்கள் கராத்தே, செவ்வாய் வயலின், புதன் ரோபோட்டிக்ஸ். அவர்களுக்குத் தேவை ஒரு வகுப்பைக் குறைப்பது. பெற்றோர்கள் அதைச் செய்துகொள்வார்கள், அறக்கட்டளைச் சொற்பொழிவு தேவையில்லை.

செலவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1907 ஆகஸ்டில் பேடன்-பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் முதல் சாரணர் முகாமை நடத்தினார். பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகளையும் பக்கத்து ஊர்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போய் நான்கு அணியாகப் பிரித்தார். ஓநாய், காளை, குர்லூ பறவை, அண்டங்காக்கை என்று அணிகளுக்குப் பெயர். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையன் தலைவன். கூடாரத்தில் தூங்குவது, சமைப்பது, வழி கண்டுபிடிப்பது எல்லாவற்றுக்கும் அணித் தலைவன்தான் பொறுப்பு. நூறு ஆண்டு தாண்டியும் உலகமெங்கும் நிற்கும் முறை அது. அதற்குத் தேவைப்பட்டது கொஞ்சம் கூடாரத் துணி, கயிறு, சமையல் பாத்திரம். பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மனசுதான் விலை கூடிய பொருள்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் இதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அறுபது பேருக்கு எத்தனை படி அரிசி என்று கணக்கில் நூறு வாங்கும் பையன் விழிப்பான். டீக்கடையில் மாமாவோடு நிற்கும் பையன் கையை அளவாக வைத்தே சொல்லிவிடுவான். சோறு வெந்து இறங்கும்போது வகுப்பின் வரிசைமுறை தலைகீழாகியிருக்கும். மறுநாள் வகுப்பில் பழையபடி ஆகிவிடும் என்பது உண்மை. ஆனாலும் அவனிடம் பேச இந்த நூறு மார்க்குக்காரனுக்கு இப்போது ஒரு விஷயம் இருக்கிறது. இருவருமே அந்த முகாமில் ஏதோ கற்றுக்கொண்டார்கள். அதை எந்த வினாத்தாளிலும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டதாக அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

முதலாவது, இங்கே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர்களுக்கு. காலாண்டு மார்க் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்போது, ஸ்பெஷல் கிளாஸ் போடுங்கள், தப்பில்லை. மைதானத்திலும் பேண்டிலும் நாடகத்திலும் இருக்கும் பிள்ளையை அதற்காக வெளியே எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையின் பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள், அவன் எப்படியும் பாஸ் ஆவான். யாராவது பெற்றோர் சண்டைக்கு வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அறக்கட்டளை நிறுவிய அன்பர்களுக்கு. ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு இந்த நிதியிலிருந்து வெள்ளிப் பதக்கம் வழங்குவதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு பல பதக்கங்கள் கிடைக்கும். அந்தத் தொகையில் அடுத்த ஆண்டு இரண்டு கபடி மேட்டும், பேண்டு வாத்தியத்துக்குப் புதுத் தோலும் வாங்கிக்கொடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஆண்டு முழுவதும் அவை பூட்டப்படாது என்று பள்ளியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.